சாக்கில் அச்சான மூக்கு

அந்தத் தீவன ஆலைக்குள் வரும் எந்த லாரியும் முதலில் எடைமேடையில் ஏறும், பிறகு மூக்கரிடம் வரும். அவருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பள நாளன்று மட்டும் அது புழக்கத்துக்கு வரும். மற்ற நாட்களில் ஆலைக்குள் அவர் மூக்கு சார், லாரிக்காரர்களுக்கு மூக்கர், அவர் காதுக்கு எட்டாத தூரத்தில் வெறும் மூக்கு.

பெயரைக் கேட்டுவிட்டுப் பார்க்க வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். முகத்தின் அளவுக்குத் தகுந்த, நடுவில் கொஞ்சம் மேடு தட்டிய, சாதாரண மூக்குதான் அது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் எடைமேடையில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். ஒரு நாள் தவிட்டு லாரி ஒன்று மேடையில் ஏறி நின்றபோது தலையைத் தூக்கி, "இதுக்குள்ள எலி செத்துக் கிடக்கு" என்றார். டிரைவர் சிரித்தார். மூட்டைகளை இறக்கிப் பார்த்தால், அடி வரிசையில் எலி மட்டுமல்ல, எலிக் குடும்பமே பிள்ளை குட்டிகளோடு செத்துக் கிடந்தது. முதலாளி அன்றைக்கே சீட்டுப் புத்தகத்தை அவர் கையிலிருந்து பிடுங்கி, குத்தூசியைக் கொடுத்தார். மூட்டையைப் பிரிக்காமலே உள்ளே குத்தித் தானியத்தை வெளியே எடுக்கிற குழாய் ஊசி அது.

அன்று முதல் அவர் வைத்ததுதான் சட்டம். மக்காச்சோளமோ பிண்ணாக்கோ தவிடோ, லாரியின் பின்பக்கம் கைக்கு எட்டிய மூட்டையில் ஒரு குத்து குத்துவார். விழுந்ததை உள்ளங்கையில் ஏந்தி, மறு கையால் தேய்த்து, மெல்ல ஊதி, கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுப்பார். டிரைவரும் சுமைதூக்கிகளும் தங்கள் மூச்சை நிறுத்திவிடுவார்கள். பிறகு ஒரே வார்த்தை வரும். நல்ல சரக்கென்றால் "இறக்கு." இல்லையென்றால் "திருப்பு." அதற்கு மேல் யாரும் அவரிடம் பேச முடியாது.

முதலாளிக்கு வியாபார மூளை. இப்படி ஒரு மூக்கைச் சும்மா வைத்திருக்க அவருக்கு மனம் வரவில்லை. ஓர் ஓவியனைக் கூட்டி வந்து மூக்கரைப் பக்கவாட்டில் உட்காரவைத்து வரையச் சொல்லி, அந்த மூக்கைத் தீவனச் சாக்குகளில் பச்சை மையில் அச்சடித்துவிட்டார். கீழே, 'முகர்ந்து தேர்ந்தது' என்று இரண்டு வார்த்தை. ஆலையின் வெளிச்சுவரிலும் அதே மூக்கு ஆள் உயரத்துக்கு ஏறியது. அந்த வழியாகப் பேருந்தில் போகும்போதெல்லாம் மூக்கரின் மனைவி பக்கத்துச் சீட்டுக்காரியிடம், "அது எங்க வீட்டுக்காரர்" என்று சொல்வாள். சொல்லும்போது பெருமையும் இருக்கும், ஒரு பெருமூச்சும் இருக்கும்.

பெருமூச்சுக்குக் காரணம் இருந்தது. ஆலையில் ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொள்கிற மனிதர் வீட்டில் அப்படி இல்லை. செருப்பைக் கழற்றும்போதே, "பால் அடிப்பிடிச்சிருக்கு" என்பார். "இது நேத்து வறுத்த எண்ணெய்." "துணி சரியாக் காயலை." "மீன்காரி உன்னை ஏமாத்திட்டா." கல்யாணமான நாளிலிருந்து ஒரு வேளைச் சாப்பாடும் விமர்சனம் இல்லாமல் அவர் வயிற்றுக்குள் இறங்கியதில்லை. அக்கம்பக்கத்தார் வேறு, சந்தேகமான பாலையும் முட்டையையும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். அவர் முகர்ந்து சொல்கிற வரைக்கும் அவள் தன் கூடத்தில் நடக்க இடமில்லாமல் சுற்றி வர வேண்டும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் அவருக்கு ஒரு ஜலதோஷம் பிடித்தது. காய்ச்சலும் சேர்ந்துகொண்டு ஆளை ஒரு வாரம் படுக்கையில் போட்டது. எழுந்து குளிக்கப் போனவர் சோப்பைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, ஈரத் தலையோடு கடைக்குப் போனார்.

"போலிச் சோப்பு விக்கிறியே, உனக்கு அடுக்குமா? இதுல வாசனையே இல்ல."

கடைக்காரர் வாங்கி முகர்ந்தார். "நல்லாத்தானே சார் மணக்குது."

"எங்க மணக்குது? யார்கிட்ட வந்து சொல்றே?"

கடைக்காரர் பயந்துபோய் வேறொரு சோப்பை நீட்டினார். அதிலும் ஒன்றும் இல்லை. மூன்றாவதிலும் இல்லை. அடுத்து அவர் கை தானாகப் பெருங்காய டப்பாவை எடுத்துத் திறந்தது. மூக்கருகே கொண்டு போனார். உள்ளே போனது வெறும் காற்று. டப்பாவை மெல்ல மூடி வைத்துவிட்டு, "சரி, சோப்பு நல்ல சோப்புதான்" என்று சொல்லி, மூன்றையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்.

நாளைக்கு வந்துவிடும் என்று இருந்தார். வாரம் போனது, மாதம் போனது, வரவில்லை. வெளியே சொல்லவும் வழியில்லை. சாக்கில் அச்சாகிச் சுவரில் ஏறிவிட்ட மூக்கு வேலை செய்யவில்லை என்று எந்த வாயால் சொல்வது?

வீட்டில் நடந்தது அவர் எதிர்பார்க்காதது. முதல் நாள் தட்டில் வைத்ததைச் சத்தம் போடாமல் தின்றுவிட்டு எழுந்தார். மனைவி அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். அடுத்த நாளும் அப்படியே. ஒரு நாள் பால் பொங்கி அடுப்பெல்லாம் கருகியபோது, பக்கத்து நாற்காலியில் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு சாந்தமாக உட்கார்ந்திருந்தார். இவ்வளவு காலம் கழித்தாவது மனிதருக்குப் பக்குவம் வந்ததே என்று அவள் தன் அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். "இப்பல்லாம் ஒரு வார்த்தை குறை சொல்றதில்லக்கா. என்னோட கைப்பக்குவமே மாறிடுச்சு போல." அவர்கள் மணவாழ்க்கையில் அதுபோல் நிம்மதியான மாதங்கள் முன்பு இருந்ததில்லை.

ஆலையில்தான் பிழைப்பு நாறிவிடும் போலிருந்தது. அங்கே அவருக்குக் கைகொடுத்தவன் கண்ணாடி. சுமைதூக்கிகளில் ஒருவன். மனதில் தோன்றுவது எதுவானாலும் மறுநொடி முகத்தில் தெரிந்துவிடும் என்பதால் அந்தப் பெயர். சீட்டாட்டத்தில் அவனைச் சேர்த்துக்கொள்ள எல்லோரும் போட்டி போடுவார்கள். மூக்கர் இப்போது மூட்டையைக் குத்தும்போதெல்லாம் கண்ணாடியைப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். கண்ணை மூடுகிற மாதிரி மூடி, இமை இடுக்கு வழியாக அவன் முகத்தைப் பார்ப்பார். அவன் முகம் சுளித்தால் "திருப்பு." சுளிக்காவிட்டால் "இறக்கு." ஆச்சரியம் என்னவென்றால், யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

ஒரு நாள் மட்டும், மணி மணியான மக்காச்சோளத்தோடு வந்த லாரியை அவர் திருப்பிவிட்டார். டிரைவர் மண்ணை அள்ளித் தூற்றாத குறைதான். அன்று கண்ணாடிக்குக் கடைவாய்ப் பல்லில் வலி என்பது மூக்கருக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது, அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அரை நாள் விடுப்புக் கேட்டு வந்தபோது.

அதற்கடுத்த வாரம் இன்னொரு மக்காச்சோள லாரி வந்தது. கண்ணாடியின் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்த நாள் அது. அவன் முகம் சூரியன் மாதிரி இருந்தது. சரக்கும் தங்கம் மாதிரி பளபளத்தது, கடித்தால் பல் தெறிக்கிற அளவுக்குக் காய்ந்திருந்தது. மூக்கர் மூச்சை இழுத்து, "இறக்கு" என்றார். அதோடு விடாமல், வழக்கத்துக்கு மாறாக, "இந்த மாதிரிச் சரக்கு வருஷத்துக்கு ஒண்ணுதான் வரும்" என்றும் சொல்லிவைத்தார்.

சொன்னது மனைவியின் தம்பி காதுக்கும் போயிற்று. அவர் வாத்து வளர்க்கிறவர். புதிதாகக் குஞ்சுகள் வாங்கி விட்டிருந்தார். மாமாவே பாராட்டின சரக்கில் அரைத்த தீவனமாயிற்றே என்று முதல் ஆளாக வந்து ஏற்றிக்கொண்டு போனார்.

சில நாள் கழித்து ஒரு காலை, மூக்கர் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது மச்சான் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு துணிப்பை. பைக்குள்ளிருந்து எடுத்துச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தார். செத்த வாத்துக் குஞ்சு.

"இது மாதிரி கொட்டகையில கிடக்கு மாமா. மத்ததெல்லாம் குடிச்சவன் மாதிரி தள்ளாடுது. தீனி மட்டும் நீங்க பாத்த தீனி, அதுல சந்தேகமே இல்ல. தண்ணியிலதான் யாரோ என்னமோ கலந்திருக்காங்க. மோந்து பாத்துச் சொல்லுங்க."

மனைவி மேசைத் துணியின் நாலு மூலையையும் பிடித்து வாத்தோடு சுருட்டினாள். மூக்கர் வாயில் நுரையோடு நின்றார். தண்ணீர் இல்லை, தீவனம்தான் என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கண்ணாடியின் சிரித்த முகம் கண்முன் வந்து நின்றது.

இருவருமாகக் கால்நடை மருத்துவமனைக்குப் போனார்கள். டாக்டரம்மா நடுவயதுக்காரர், வேலை நடக்கும்போது பேச மாட்டார். குஞ்சை அறுத்து ஈரலை எடுத்துத் தட்டில் வைத்தார். அது வெளிறி வீங்கி, ஈரலின் நிறத்திலேயே இல்லை. "தீவனம் கொஞ்சம் கொண்டு வந்தீங்களா?" என்று கேட்டு வாங்கி, அரைத்து, ஏதோ திரவத்தில் கலக்கி, விரல் நீளக் காகிதப் பட்டை ஒன்றை அதில் நனைத்து வைத்தார். மச்சான் எதிர்க்கடையிலிருந்து மூன்று டீ வாங்கி வந்தார்.

பட்டையில் கோடு தெரிகிறதா என்று டாக்டரம்மா பார்த்துக்கொண்டிருந்தபோது மூக்கரால் அடக்க முடியவில்லை.

"டாக்டரம்மா, வாத்தைக் கொன்னது நான்தான்."

டாக்டரம்மா நிமிர்ந்தார். மச்சானும் நிமிர்ந்தார்.

"எனக்கு மோப்பம் போயி மாசக்கணக்காச்சு. ஜலதோஷத்துல போச்சு. யார்கிட்டயும் சொல்லலை. ஒருத்தன் மூஞ்சியைப் பாத்துத்தான் சரக்கு எடுத்துட்டிருந்தேன். என் மூக்கு ஒழுங்கா இருந்திருந்தா இந்தச் சோளம் உள்ளயே வந்திருக்காது."

"வந்திருக்கும்" என்றார் டாக்டரம்மா.

"என்னது?"

"உங்க மூக்கு நல்லா இருந்திருந்தாலும் இது உள்ள வந்திருக்கும். பூஞ்சை வேற, பூஞ்சை விடற விஷம் வேற. ஈரத்துல பூஞ்சை வளரும்போது ஒரு மக்கின வாடை வரும், அது உங்களுக்குத் தெரியும். அப்புறம் யாரோ அதை நல்லா வெயில்ல போட்டு, தூத்தி, பளபளன்னு மூட்டை கட்டிடறாங்க. பூஞ்சை செத்துடும், வாடையும் போயிடும். அது விட்ட விஷம் மட்டும் மணிக்குள்ள அப்படியே உக்காந்திருக்கும். அஃப்ளாடாக்சின்னு பேரு. அதுக்கு வாடை கிடையாது, ருசி கிடையாது. வேக வெச்சாலும் வறுத்தாலும் லேசுல போகாது."

மூக்கருக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. வாத்துச் சாவு தன் தலையில் விடியவில்லை. அந்தச் சுகத்தில் ஒரு வாய் டீ குடித்தார். குடித்து முடிப்பதற்குள் வேறொன்று உறைத்தது.

"அப்படின்னா, என் மூக்கு நல்லா இருந்த காலத்துல இந்த மாதிரி வந்திருந்தா?"

"இறக்குன்னுதான் சொல்லியிருப்பீங்க."

"நல்லா ஆழமா இழுத்திருந்தா?"

"தும்மல் வந்திருக்கும்."

மோப்பம் போனபோது கூட மூக்கருக்கு இவ்வளவு அவமானமாக இருந்ததில்லை. இல்லாமல் போன ஒன்றுக்காக இத்தனை மாதம் ஒளிந்து திரிந்தோம், அது இருந்தும் பிரயோசனம் இல்லை என்கிறாளே இந்த அம்மாள்.

டாக்டரம்மா பட்டையைத் தூக்கிக் காட்டினார். "இவ்வளவு இருக்கக் கூடாது. வாத்துக் குஞ்சுக்கு ஈரல் தாங்காது, அதான் முதல்ல விழுந்துடுச்சு. இந்தத் தீவனம் வேற எங்க போயிருக்கு?"

"மாட்டுப் பண்ணைங்களுக்கு."

"மாடு லேசுல விழாது. தீனி எடுக்காது, பால் குறையும். ஆனா தின்ன விஷத்துல ஒரு பங்கு உரு மாறிப் பால் வழியா வெளிய வரும்."

மச்சான் டீ டம்ளரை மெதுவாக மேசையில் வைத்தார். "மனுஷன் குடிச்சா என்ன ஆகும் டாக்டரம்மா?"

"ஒரே சமயத்துல நிறைய உள்ள போனா வாந்தி, மஞ்சக்காமாலை, ஈரல் கெட்டு உயிரே போகலாம். கொஞ்சம் கொஞ்சமா வருஷக்கணக்குல போனா ஈரல்ல புத்துநோய் வர வாய்ப்பு அதிகம். சின்னப் பிள்ளைங்களுக்கு வளர்த்தி குறையும்னு சொல்றாங்க. ஒரு டீயில யாருக்கும் ஒண்ணும் ஆகாது, எடுத்துக் குடிங்க. தினமும் போகக் கூடாது, அதுதான் விஷயம். இன்னைக்கே அதை நிறுத்தணும்."

மச்சான் டம்ளரைத் தொடவில்லை.

மூக்கர் நேரே முதலாளி அறைக்குப் போனார். உள்ளதை உள்ளபடி சொன்னார், மூக்கு போனதிலிருந்து வாத்து செத்தது வரை. முதலாளி காதில் விஷம் விழவில்லை, மூக்கு மட்டும்தான் விழுந்தது.

"விளையாடாதே. புதுச் சாக்கு இப்பத்தான் அச்சடிச்சு வந்து இறங்கியிருக்கு."

"விளையாடலை முதலாளி."

முதலாளி மேசை இழுப்பறையைத் திறந்து சென்ட் பாட்டிலை எடுத்து அவர் முகத்துக்கு நேரே அடித்தார். "இது என்ன?"

"ஈரமா இருக்கு."

முதலாளி கொஞ்சம் யோசித்தார். குனிந்து ஷூவைக் கழற்றி, சாக்ஸையும் கழற்றி, மூக்கர் மூக்குக்கு அடியில் பிடித்தார். மூக்கர் அசையாமல் நின்றார். கதவருகே கோப்போடு நின்ற கணக்கர் இரண்டடி பின்வாங்கினார். அதைப் பார்த்த பிறகுதான் முதலாளிக்கு நம்பிக்கை வந்தது. நாற்காலியில் சாய்ந்தார்.

"சரி, போனது போகட்டும். வெளிய சொல்லாம இரு. தீவனம் போனது போனதுதான். மாடு ஒண்ணும் சாகலையே?"

"பால்ல வரும்னு டாக்டரம்மா சொல்றாங்க. குழந்தைங்க குடிக்கிறாங்க."

"எந்தக் குழந்தைங்க?"

"நம்ம தீவனம் தின்ற மாடு யார் வீட்டுல இருக்கோ அந்த வீட்டுக் குழந்தைங்க. உங்க வீட்டுப் பின்பக்கம் ரெண்டு மாடு நிக்குதே முதலாளி. அதுக்கு எங்கிருந்து தீவனம் போகுது?"

முதலாளி ஒரு காலில் ஷூவோடு எழுந்து போனைப் பிடித்தார். "பாலை யாரும் தொடாதீங்க. பேரப்பிள்ளைங்களுக்குக் கொடுத்தாச்சா? யார் குடிச்சா? ... நான் குடிச்சேனா? எப்போ? ... ரெண்டு டம்ளரா?" போனை வைத்துவிட்டு வயிற்றின் வலது பக்கத்தைத் தடவிக்கொண்டார். ஈரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கணக்கரைக் கேட்டார். பிறகு எல்லா லாரிகளையும் எடுக்கச் சொன்னார்.

அன்று மதியமே ஒரு லாரியில் மூக்கரும் கண்ணாடியும் கிளம்பினார்கள், போன சாக்குகளைத் திரும்ப ஏற்ற. வழியில் மூக்கர் அவனிடமும் சொல்லிவிட்டார். கண்ணாடியின் முகம் நாலு தினுசாக மாறியது.

"அப்போ இத்தனை நாளா சரக்கு பாத்தது நானா சார்?"

"நீ பாக்கலை. நான் உன் மூஞ்சியைப் பாத்தேன்."

"என் பல்லுவலிக்கு ஒரு லாரியே திரும்பிப் போச்சா?"

"ஆமா."

கண்ணாடிக்குக் கோபம் வரும் என்று மூக்கர் எதிர்பார்த்தார். அவன் லாரியின் பக்கவாட்டுக் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி, மீதி வழியெல்லாம் முகத்தை இப்படியும் அப்படியும் சுளித்துப் பார்த்துக்கொண்டு வந்தான். டிரைவர் பின்னால் வருகிற வண்டி தெரியவில்லை என்று கத்த வேண்டியிருந்தது.

பண்ணைக்காரர்கள் முணுமுணுத்தாலும் சாக்குகளைக் கொடுத்துவிட்டார்கள். கடைசியாக ஒரு தகரக் கொட்டகையில்தான் வேலை தடைபட்டது. அந்தப் பண்ணைக்கார அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சாக்குகளின் முன்னால் நின்றாள்.

"தர மாட்டேன். வேற யாருக்கோ அதிக விலைக்கு விக்கப் பாக்குறீங்க. இது மூக்கு பாத்த தீவனம்."

"அந்த மூக்கு நான்தாம்மா."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள், சாக்கைப் பார்த்தாள். "பக்கவாட்டுல திரும்புங்க."

திரும்பினார். கண்ணாடி ஒரு சாக்கைத் தூக்கி அவர் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்தான்.

"மேடு சரியாத்தான் இருக்கு" என்றாள். "ஆனா நீங்க அவரா இருக்க முடியாது. அவரு சொன்னா சொன்னதுதான், மாத்திப் பேச மாட்டாரு. தவிட்டு லாரிக்குள்ள இருந்து எலிக் குடும்பத்தையே வெளிய எடுத்தவரு. எங்க மாமனாரு கதை கதையாச் சொல்வாரு."

மூக்கர் சாக்கை நகர்த்திவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தார். வாழ்நாளில் யாரிடமும் சொல்லாததை, முன்பின் தெரியாத அந்தப் பெண்ணிடம், மாடுகள் கேட்டுக்கொண்டிருக்கச் சொன்னார்.

"அந்த எலி நாத்தம் அன்னைக்கு எல்லாருக்கும்தாம்மா அடிச்சுது. கொஞ்சநஞ்ச நாத்தமா அது? மத்தவங்க மூக்கைப் பொத்திக்கிட்டுப் போனாங்க. நான் வாயைத் திறந்தேன். அவ்வளவுதான். அந்த மூக்குக்கு ஒண்ணும் தெரியாது. இதுல இருக்கிற விஷம் எந்த மனுஷ மூக்குக்கும் தெரியாது. வாத்து செத்துப்போச்சு. உங்க மாடு தீனி சரியாத் திங்குதா?"

அவள் கை இடுப்பிலிருந்து இறங்கியது. "ரெண்டு மூணு நாளா முகத்தைத் திருப்பிக்குது. பாலும் குறைஞ்சுபோச்சு. சூடுன்னு நினைச்சேன்."

"பாலை விக்காதீங்க. வீட்டுக்கும் எடுக்காதீங்க. டாக்டரம்மா நாளைக்கு வந்து பாப்பாங்க. நல்ல தீவனத்துக்கு மாத்திட்டா சில நாள்ல பால் சுத்தமாயிடும்னு சொன்னாங்க."

கொட்டகை மூலையில் அன்று கறந்த பால் கேன் இருந்தது. அவள் அதைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் கவிழ்த்தாள். முழுவதும் வழிகிற வரை பிடித்துக்கொண்டே நின்றாள். "போன வாரம் வித்தது?" என்று திரும்பிப் பார்க்காமல் கேட்டாள். கண்ணாடியின் முகத்தில் இருந்ததை அன்று யாரும் பார்க்க விரும்பவில்லை. இருவரும் சாக்குகளை ஏற்றினார்கள்.

மச்சானிடம் மட்டும் கொஞ்ச நாள் பேச்சுவார்த்தை நின்றிருந்தது. முதலாளி வேறு குஞ்சுகள் வாங்கிக் கொடுத்த பிறகு அவர் வீட்டுக்கு வந்தார், வந்த வேகத்தில் மூக்கரின் மனைவியிடம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார். அவள் கரண்டியோடு கூடத்துக்கு வந்தாள்.

"அப்போ என் சமையல் பிடிச்சுப்போய் நீங்க பேசாம சாப்பிடலை."

மூக்கர் செய்தித்தாளை உயர்த்திப் பிடித்தார்.

"எங்க அக்காகிட்ட என்னவெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன் தெரியுமா? இப்போ போன் பண்ணி, அது பக்குவம் இல்லக்கா, மூக்கடைப்புன்னு சொல்லணுமா?"

"மூக்கடைப்பு இல்ல. மோப்பம் போயிடுச்சு."

"ரொம்ப முக்கியம்" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். அன்று சாப்பாட்டில் உப்பு இல்லை. மூக்கு போனாலும் நாக்குக்கு உப்பு தெரியும், ஆனாலும் அவர் கேட்கவில்லை.

ஆலையில் அவரை வேலையை விட்டு அனுப்புவார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், அவரும் நினைத்தார். முதலாளி அனுப்பவில்லை. திரும்பி வந்த சாக்குகளையெல்லாம் அழித்த பிறகு, டாக்டரம்மா சொன்ன காகிதப் பட்டைகளை வரவழைத்து மூக்கர் கையிலேயே கொடுத்தார். இந்த வேலைக்கு மூக்கு தேவையில்லை, பொறுமை போதும், பொய் சொல்லத் தெரியாதவன் வேண்டும் என்றார். மூக்கருக்கு அது பாராட்டா, ஏச்சா என்று விளங்கவில்லை.

பட்டை வேலை முதலில் அவருக்கு வேப்பங்காயாய்க் கசந்தது. கைக்கு எட்டின மூட்டையில் ஒரு குத்தோடு தீர்கிற காரியம் இல்லை இது. விஷம் லாரி முழுக்க ஒரே மாதிரி பரவியிருக்காது, ஒரு மூலையில் நாலு மணியில் ஒளிந்திருக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதனால் மேலே, அடியில், நடுவில், ஓரத்தில் என்று லாரி மேல் ஏறி இறங்கிக் குத்த வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து அரைக்க வேண்டும், கலக்க வேண்டும், காத்திருக்க வேண்டும். டிரைவர்கள் கடுப்பானார்கள். "சார், சும்மா ஒரு இழுப்பு இழுத்துட்டு விடுங்களேன்" என்பார்கள். பல்வலி நாளில் திருப்பி அனுப்பப்பட்ட டிரைவரும் ஒரு நாள் சரக்கோடு வந்தார். பட்டை நல்லபடியாக வந்ததும், மூக்கர் மன்னிப்புக் கேட்டால்தான் வண்டியை எடுப்பேன் என்று எடைமேடையை மறித்துக்கொண்டு நின்றார். மூக்கர் கேட்டார். கண்ணாடியும், தன் பல்லின் சார்பாக, கேட்டான்.

சுவரில் இருந்த மூக்கை மக்காச்சோளமாக மாற்றச் சொல்லி முதலாளி அந்த ஓவியனையே கூப்பிட்டார். அவன் மூக்கின் மேட்டை அப்படியே விட்டுவிட்டு மேலே மணிகளை வரைந்தான். இப்போது அது அம்மை போட்ட மூக்கு மாதிரி இருக்கிறது.

வீட்டிலும் மூக்கரின் அதிகாரம் வேறு வழியாகத் திரும்பியது. அலமாரி டப்பாவிலிருந்த வேர்க்கடலையை முறத்தில் கொட்டி, சுருங்கியதையும் கறுத்ததையும் பூசணம் தட்டியதையும் பொறுக்கி எறிந்தார். ரொட்டியின் பூஞ்சை பிடித்த மூலையை மட்டும் வெட்டிப் போட்டுவிட்டு மீதியை மனைவி எடுத்து வைத்தபோது, அதையும் குப்பையில் போட்டார். "மேல தெரியறதுதான் கொஞ்சம். வேர் உள்ள ஓடியிருக்கும்" என்றார்.

"முன்னாடி மோந்து பாத்துக் கொன்னீங்க. இப்போ மோக்காமலே கொல்றீங்க" என்றாள் அவள். ஆனால் அடுத்த ரொட்டியை அவளே தூக்கி எறிந்ததை அவர் பார்த்தார்.

கடைசியில் அவள்தான் அவரைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அந்த மருத்துவர் மருந்து எதுவும் எழுதவில்லை. எலுமிச்சை, கிராம்பு, ரோஜா, யூகலிப்டஸ் என்று நாலு வாசனைகளை நாலு சின்னப் பாட்டில்களில் வைத்துக்கொண்டு, காலையும் மாலையும் கண்ணை மூடி முகர்ந்து பழக வேண்டும், வந்தால் வரும், மெதுவாகத்தான் வரும் என்றார்.

பாட்டிலை நீட்டும் பொறுப்பை மனைவி எடுத்துக்கொண்டாள். எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வகுப்பு எடுக்கிற மாதிரி ஒவ்வொன்றாக நீட்டுவாள். அவர் கிராம்பை ரோஜா என்பார், ரோஜாவைத் தண்ணீர் என்பார். "தப்பு" என்பாள். அந்த ஒரு வார்த்தையை இத்தனை வருடமாக அவள் எங்கே சேர்த்து வைத்திருந்தாளோ, அவ்வளவு திருத்தமாக வந்தது.

ஒரு காலை, பாட்டில் அருகே வந்ததும் மூக்கின் உச்சியில் ஏதோ ஊசி முனை தொட்ட மாதிரி இருந்தது. மெல்லிய புளிப்பு. மீண்டும் இழுத்தார். சந்தேகமே இல்லை.

"எலுமிச்சை" என்றார்.

பழைய பழக்கத்தில் அவர் இமை இடுக்கு வழியாகப் பார்த்தார். அவள் கையில் இருந்தது மஞ்சள் மூடி போட்ட எலுமிச்சைப் பாட்டில்தான். அவள் அதைப் பார்த்தாள், அடுப்படிப் பக்கம் பார்த்தாள். அங்கே பாத்திரத்தில் ஏதோ லேசாகத் தீய ஆரம்பித்திருந்தது. அதுவும் அவருக்குக் கொஞ்சம் எட்டுகிற மாதிரி இருந்தது.

"தப்பு" என்று சொல்லி மூடியைத் திருகினாள். "நாளைக்குப் பாப்போம்."

மூக்கர் கண்ணைத் திறந்து, "அப்படியா" என்றார். பிறகு எழுந்து கை கழுவிக்கொண்டு போய்ச் சாப்பிட உட்கார்ந்தார்.